தரநூலில் ஏறிய தின்னவேலி

ஜெர்மனியில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது, ஒரு சிறிய அட்டைப்பெட்டியைக் கொணர்ந்து நம் மேசைமேல் வைத்தார். மலச்சிக்கல் தீர்க்கும் மூலிகைத் தேநீர். "ஐயா, பக்கவாட்டில் இருக்கிற சின்ன எழுத்தைப் பாருங்கள்" என்றார். ஜெர்மன் மொழி நமக்குத் தெரியாது. ஆயினும் அந்த வரியில் ஒரு சொல் மட்டும் கண்ணில் பட்டு நின்றது: 'தின்னவேலி'.

கும்பினியார் நாவில் திருநெல்வேலி தின்னவேலியாகத் தேய்ந்த கதை அனைவரும் அறிந்ததே. நாடு விடுதலை பெற்றபின் ஊர் தன் பெயரை மீட்டுக்கொண்டது. பலகைகள் மாறின, அஞ்சல் முத்திரைகள் மாறின. மருந்து நூல்கள் மட்டும் மாறவில்லை. உலகின் பல நாட்டு மருந்துக்கடைகளில் தின்னவேலி இன்றும் உயிரோடிருக்கிறது, ஓர் ஊராக அன்று, ஒரு தரமாக. அந்தத் தரம் எவ்வாறு உருவாயிற்று, அதை வகுத்தவர் யார், அதற்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டவர் யார் என்று தேடப்போய், நாம் எதிர்பாராத சில இடங்களுக்குச் செல்ல நேர்ந்தது.

முதலில் செடியைப் பற்றி. ஆங்கிலத்தில் சென்னா என்பார்கள். அரபு மொழியின் 'சனா' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. சித்த மருத்துவர் நிலவாகை என்றும் நிலாவாரை என்றும் வழங்குவர். சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கத்தோடு கூட்டிச் செய்யும் நிலவாகைச் சூரணம் நம் பக்கத்து வீடுகளில் புழங்கிய மருந்துதான். பயிரிடும் உழவர்களோ இதை அவுரி என்கிறார்கள். இங்கே ஒரு குழப்பம் உண்டு. நீலச்சாயம் எடுக்கும் செடிக்கும் அவுரி என்றே பெயர். நிகண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வயலுக்குச் செல்லும் நம்மைப் போன்றோர் முதல் நாளே தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

செடியின் பிறப்பிடம் அரேபியாவும் அதற்கு எதிர்க்கரை ஆப்பிரிக்காவும். இதன் பேதிக்குணத்தை மருத்துவ உலகுக்கு அறிவித்தவர்கள் அரபு மருத்துவர்கள். ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் அலெக்சாந்திரியாத் துறைமுகம் வழியாகவே இலை போயிற்று. எகிப்தில் அவ்வணிகம் நீண்டகாலம் அரசின் பிடியில் இருந்தது. விலை மிகுதி, கலப்படமும் மிகுதி. ஆர்கெல் என்னும் வேறொரு செடியின் இலையைக் கலந்து விற்பது அங்கே சாதாரணமாயிருந்தது. நல்ல சரக்குக்கு இலண்டன் வணிகர் ஏங்கிய காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருநெல்வேலிச் சீமையில் இச்செடி பயிராகத் தொடங்கிற்று. இதைப் பயிரிடச் செய்தவராக ஜார்ஜ் ஹியூஸ் என்ற ஆங்கில வணிகரின் பெயர் அக்காலத்து மருந்தியல் எழுத்துகளில் காணப்படுகிறது. தாமிரபரணி பாயும் நன்செய்க்கு நெல் இருந்தது. ஆற்றுநீர் எட்டாத செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் இது வாய்த்தது. தூத்துக்குடித் துறைமுகம் அருகே இருந்தது. வேறென்ன வேண்டும்?

பிரிட்டனின் முதல் மருந்துத் தரநூல், பார்மகோப்பியா என்பார்களே அது, 1864ஆம் ஆண்டு வெளிவந்தது. அலெக்சாந்திரியா இலையோடு இந்திய இலையும் பிரிட்டிஷ் தரநூலில் இடம்பெற்றது. நம்மூர்ச் சரக்கு சட்டத்தின் ஏட்டில் ஏறிய கதை இவ்வாறு தொடங்குகிறது.

ஒரு சுவையான செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். மருந்தியல் பாடநூல்களில் இவ்விரு இலைகளையும் வேறுபடுத்தி அறியும் வழிகள் கூறப்பட்டிருக்கின்றன. அலெக்சாந்திரியா இலை சாம்பல்பச்சை, பெரும்பாலும் உடைந்து வரும். தின்னவேலி இலை மஞ்சள்பச்சை, நீண்டு முழுதாயிருக்கும், மேலும் அதன்மேல் குறுக்காகவோ சாய்வாகவோ அழுந்திய கோடுகள் காணப்படும். அக்கோடுகள் இயற்கையின் வேலையல்ல. தூத்துக்குடியில் பொதி கட்டும்போது இலைகளை அழுத்து எந்திரத்தில் இறுக்கியதால் ஓர் இலையின் விளிம்பும் நரம்பும் மற்றோர் இலைமேல் பதிந்த தடம். பொதிகட்டிய தொழிலாளியின் கைவேலை, பல்லாயிரம் கல் தொலைவில் உருப்பெருக்கியின் கீழ்ச் சான்றாயிற்று! கல்வெட்டுப் படிகளில் அச்சு ஒற்றும்போது நாம் காணும் தடங்களைவிட இவை குறைந்தவை என்று நமக்குத் தோன்றவில்லை.

இலையின் தோற்றம் கண்டு தரம் சொன்ன காலம் 1940களோடு முடிந்தது. சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் இலையின் செயற்பொருளைப் பிரித்தெடுத்துச் சென்னோசைடு என்று பெயரிட்டனர். அதன்பின் கண்ணும் கையும் போதவில்லை. ஆய்வுக்கூடம் வேண்டியதாயிற்று. ஐரோப்பியத் தரநூலின் முந்தைய பதிப்புகள் இலைக்கு நூற்றுக்கு 2.5 என்றும், அலெக்சாந்திரியாக் காய்க்கு 3.4 என்றும், தின்னவேலிக் காய்க்கு 2.2 என்றும் குறைந்த அளவுகளை விதித்தன. நம் காயின் வலு குறைவு என்பதறிந்து அதற்கெனத் தனி அளவுகோல் வைத்தார்கள். இது பரிவன்று. ஐரோப்பாவுக்குச் சரக்கு தேவைப்பட்டது, அவ்வளவே. வெயிலில் காய்ந்தால் இலை கருத்துப்போகும், நிழலில் உலர்த்து. காம்பும் குச்சியும் இருந்தால் பொதி திரும்பும், பொறுக்கி எடு என்ற கட்டளைகள் ஏற்றுமதியாளரிடமிருந்து தரகருக்கும், தரகரிடமிருந்து உழவர் வீட்டுப் பெண்களுக்கும் இறங்கி வந்தன. கட்டளையின் மூலம் எந்த நூலில் இருக்கிறது என்று அப்பெண்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்நூலை எழுதியவர்கள் யார்? 1964ஆம் ஆண்டு ஜூலையில் பெல்ஜியம், பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, லக்சம்பர்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் ஆகிய எட்டு நாடுகள் பொதுத் தரநூல் ஒன்றுக்காக உடன்படிக்கை செய்துகொண்டன. அடுத்த ஆண்டு, தாலிடோமைடு மாத்திரையால் உறுப்புக் குறையோடு பிறந்த பல்லாயிரம் குழந்தைகளின் துயரம் ஆறாதிருந்த வேளையில், அனுமதி பெறாத மருந்தை விற்கலாகாது என்ற பொதுவிதி ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகளுக்கு வந்தது. பிற்காலத்தில் அவ்வமைப்பில் சேர விரும்பிய ஒவ்வொரு நாடும் தன் மருந்துக்கடையை அவ்விதிக்குள் அடக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

2004ஆம் ஆண்டு மே முதல் நாள் பத்து நாடுகள் ஒருசேர உள்ளே நுழைந்தன. அவற்றின் கடைகளில் பழைய உள்நாட்டு அனுமதியோடு விற்றுவந்த மருந்துகள் நிரம்பியிருந்தன. பொதுவிதி கேட்கும் ஆவணம் பலவற்றுக்கு இல்லை. எல்லாவற்றையும் அன்றே அலமாரியிலிருந்து இறக்குவது யாராலும் ஆகாத காரியம். ஆகவே சேர்க்கை உடன்படிக்கையிலேயே தவணை எழுதிக்கொண்டார்கள். சைப்ரசுக்கு 2005 இறுதி, மால்டாவுக்கு 2006 இறுதி, லித்துவேனியாவுக்கு 2007இன் தொடக்கம், சுலோவேனியாவுக்கு 2007 இறுதி, போலந்துக்கு 2008 இறுதி. அதுவரை அம்மருந்துகளைத் தம் நாட்டில் விற்கலாம், பிற உறுப்பு நாடுகளுக்கு அனுப்பலாகாது. சேரப்போகிறவன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து காலம் கேட்டுப் பெற்றான் என்பதே இதில் நோக்கத்தக்கது. தின்னவேலி என்ற பெயர் நூலில் இருந்தது. தின்னவேலிக்கு நாற்காலி இல்லை.

இதே காட்சி நம் மண்ணில் முன்னரே ஒருமுறை நடந்தேறியிருக்கிறது. 1920களில் இந்தியச் சந்தையில் போலிக் கொய்னாவும் சாரமற்ற மருந்துகளும் பெருகின. கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் 1930இல் விசாரணைக் குழு அமைந்தது. மருந்துக் கட்டுப்பாடு அன்று மாகாணங்களின் அதிகாரம். சென்னையில் ஒரு விதி, பம்பாயில் ஒரு விதி என்றால் கலப்படக்காரனுக்குக் கொண்டாட்டம். ஆதலால் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி மாகாணச் சட்டசபைகள் தீர்மானம் இயற்றித் தம் அதிகாரத்தை நடுவண் சட்டசபைக்கு இந்தப் பொருளில் ஒப்படைத்தன. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் முகவுரையே இதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. சட்டம் இயற்றியும், உற்பத்தி, விற்பனை பற்றிய பகுதிகள் நடைமுறைக்கு வந்தது 1947இல்தான். ஏழாண்டுத் தவணை என்று கொள்ளலாம்.

சமஸ்தானங்கள் அச்சட்டத்துக்கு வெளியே நின்றன. நம் மாவட்டத்தாருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. தென்காசி பிரிட்டிஷ் இந்தியா, கூப்பிடு தூரத்துச் செங்கோட்டை திருவிதாங்கூர். ஒரே குற்றாலச் சாரலில் நனையும் இரண்டு ஊர்களுக்கு இரண்டு அரசு, இரண்டு சட்டம். 1956 நவம்பர் முதல் நாள் செங்கோட்டை நெல்லை மாவட்டத்தோடு இணைந்தபோது மருந்துச்சீட்டைப் பற்றி யாரும் மேடையில் பேசியிருக்கமாட்டார்கள். எல்லை அழிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு காகிதங்களில்தான்.

அந்த 1940ஆம் ஆண்டுச் சட்டம் மேனாட்டு மருந்துகளை மட்டுமே கருதி எழுந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மருந்துகளை உள்ளே கொணர்ந்தது 1964ஆம் ஆண்டுத் திருத்தம். ஐரோப்பாவில் எட்டு நாடுகள் கையெழுத்திட்ட அதே ஆண்டு. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான். பொதிகை அடிவாரத்தில் தமிழ் மருத்துவத்துக்குக் கல்லூரி எழுந்தபோது, தில்லியில் எழுதிய சட்டச் சொற்றொடர் எப்படி இருந்தது தெரியுமா? 'ஆயுர்வேத (சித்தம் உட்பட) அல்லது யுனானி மருந்து'. சித்தம் அடைப்புக்குறிக்குள்! 1982ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அடைப்புக்குறியை நீக்கி 'ஆயுர்வேத, சித்த, யுனானி' என்று தனிப்பெயர் தந்தது. ஒரு நிறுத்தக்குறி நீங்கப் பதினெட்டு ஆண்டுகள். தமிழாசிரியராக இதை நாம் ஒரு சிறு செய்தியாகக் கருதவில்லை.

சட்டத்தின் முதல் அட்டவணையைத் தமிழ் படித்த ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் பார்க்கவேண்டும். போகர் 700, புலிப்பாணி 500, அகத்தியர் பரிபூரணம் 400, அகத்தியர் செந்தூரம் 300, தேரையர் மகா கரிசல், நாகமுனி 200, பாலவாகடம் என்று நூற்பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. இந்நூல்களில் சொல்லிய முறைப்படி மட்டும் செய்த மருந்துதான் சித்த மருந்து என்பது சட்டத்தின் இலக்கணம். ஓலைச்சுவடியின் விருத்தப்பா, உரிமம் வழங்கும் அதிகாரியின் மேசையில் சான்றாவணம்!

இதில் பெருமைப்பட்டு நின்றுவிட முடியாது. அச்சான சித்தர் நூல்களைப் பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிட்டவர்களுக்குத் தெரியும், பாடபேதம் இல்லாத பக்கம் அரிது. ஏடெழுதியவர் கைப்பிழை, பதிப்பித்தவர் திருத்தம், சீர் நிரம்ப வேண்டிச் சேர்த்த சொல், எல்லாம் உண்டு. பரிபாஷைச் சொற்களைச் சொல்லவே வேண்டாம். ஒரு பெயர் மூன்று பொருளைக் குறிக்கும். மருந்தின் அளவு பலத்திலும் கழஞ்சிலும் வராகனெடையிலும் வரும். அரசு வெளியிட்ட சித்த மருந்துத் தொகைநூல் ஒரு பலத்தை 35 கிராம் என்று நிலைப்படுத்தியது. பொதுச்சந்தைக்குப் பொது எடை வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தப் பாடம் சரி என்ற வினா, நம் வகுப்பறையில் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது, மருந்துச் சட்டத்தில் பாதரசத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. சுவடிப் பதிப்புக்கு இவ்வளவு பொறுப்பு சுமத்திய வேறொரு துறை நமக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பொறுப்பை ஏற்கும் அளவுக்குச் செம்மையான பதிப்புகளை நாம், தமிழ்த் துறையினர், செய்து தந்திருக்கிறோமா? பெரும்பாலும் இல்லை. மருத்துவர்களே தம் முயற்சியில் செய்துகொண்டவைதான் மிகுதி.

அடுத்து 2000ஆம் ஆண்டு. மருந்து விதிகளில் 'டி' அட்டவணை வந்தது. ஒரு வகை மருந்து செய்வதற்கே 1200 சதுர அடிக் கூரையிட்ட இடம், தனித்தனி அறை, பதிவேடு, தரச் சோதனை. தம் நோயாளிக்குத் தாமே செய்து கொடுக்கும் பதிவு பெற்ற வைத்தியர்களுக்கு விலக்கு உண்டு. சந்தையில் விற்றால் விலக்கு இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் நாம் அறிந்த ஒரு வைத்தியர் குடும்பம் நான்கைந்து ஊர்க் கடைகளுக்குத் தைலம் கொடுத்துவந்தது. வீட்டுப் பின்கட்டே ஆலை. அவர்கள் 1200 சதுர அடிக்கு எங்கே போவார்கள்? கடைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். அடுப்பு மட்டும் இன்னும் எரிகிறது, வாசலில் வந்து கேட்பவருக்காக. அவர்களுக்காக வருந்தும்போதே, விதி தவறென்று சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. 2004 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அடுத்து 2006 ஜனவரி முதல், ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையை இந்திய அரசு கட்டாயமாக்கிற்று. அயலார் கடையில் எழுந்த கேள்விக்குப் பிறகே நம் வீட்டில் தராசு வந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி ஐரோப்பாவின் 2004ஆம் ஆண்டு மரபு மூலிகை மருந்து ஆணைக்கு வருவோம். முழு அளவிலான மருத்துவச் சோதனைகள் இல்லாமலே ஒரு மூலிகை மருந்தைப் பதிவு செய்துகொள்ள அது வழி வைத்தது. நிபந்தனை ஒன்று: முப்பதாண்டுப் பயன்பாட்டுக்குச் சான்று வேண்டும், அதில் பதினைந்து ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்திருக்கவேண்டும். ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2011 ஏப்ரல் 30 வரை தவணை. மூலிகைக்குத் துணையாகச் சில உயிர்ச்சத்தும் தாதுவும் சேரலாம். உலோகமும் பாடாணமும் முதன்மையாக நிற்கும் பற்பம், செந்தூரம் ஆகியவற்றுக்கு அதில் வாசலே கிடையாது.

நம் மாணவர் கொணர்ந்த பெட்டியின் பொருள் இப்போது விளங்கிற்று. நிலவாகை இலை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் புழங்குவது. பதினைந்து ஆண்டு எண்ணிக்கை அதற்கு ஒரு பொருட்டன்று. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் அதே இலையைச் சுக்கும் மிளகும் கூட்டிச் சூரணமாக்கினால், அந்தக் கூட்டு ஐரோப்பாவில் எப்போது, யாரால், எவ்வளவு உண்ணப்பட்டது என்று கேள்வி பிறக்கும். ஏட்டில் இருக்கும் ஆண்டுகள் எத்தனையானாலும், கரையேறிய ஆண்டுகளே கணக்கில் சேரும். தாமிரபரணிக் கரையின் இலை உள்ளே போயிற்று. இலையைக் கூட்டத் தெரிந்த அறிவு சுங்கச்சாவடியில் நின்றுவிட்டது.

இலைக்கும் பாதை எப்போதும் மெத்தென்று இருக்கவில்லை. 2021ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், உணவுப்பொருளில் சேர்க்கும் நிலவாகையைக் கண்காணிப்பு வரிசையில் வைத்தது. அதற்கு முன்பே வேறொரு கேள்வி எழுந்திருந்தது. மூலிகைத் தேநீரில் கல்லீரலைக் கெடுக்கும் ஒருவகை நஞ்சு சிறிதளவில் காணப்படுவதை 2013இல் ஜெர்மன் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். மூலிகையில் இல்லாத நஞ்சு எப்படி வந்தது? வயலில் கூடவே முளைத்த களையிலிருந்து. அறுவடையில் அதுவும் சேர்ந்து பொதிக்குள் போகிறது. அதன்பின் ஐரோப்பாவில் இதற்கும் உச்சவரம்பு எண்கள் வந்தன.

வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி நிலவாகையில் ஒரு தனி இரகமே வெளியிட்டிருக்கிறது. நம் பகுதியில் இப்பயிருக்கு அறிவியல் துணை இல்லாமலில்லை. 2023 அக்டோபரில், ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கத் தரநூல் அமைப்புகள் 1989இல் தொடங்கிய கலந்தாய்வுக் குழுவில் இந்தியத் தரநூல் ஆணையம் முழு உறுப்பினராயிற்று. முப்பத்துநான்கு ஆண்டுகள் மூவர் மட்டும் இருந்த மேசையில் நான்காவது நாற்காலி. அங்கே பெரும்பாலும் பேசப்படுவது மாத்திரைகளில் சேர்க்கும் துணைப்பொருள்களும் சோதனை முறைகளும். நிலவாகையின் முறை எப்போது வருமோ.

சென்ற தை மாதம் சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஓர் அவுரி வயலுக்குப் போயிருந்தோம். பெண்கள் நால்வர் வரிசையில் குனிந்து தேள்கொடுக்குச் செடியைத் தேடித் தேடிப் பிடுங்கிக்கொண்டிருந்தனர். தேளின் வால் போலப் பூக்காம்பு சுருண்டிருக்கும் அக்களையில் மேற்சொன்ன நஞ்சு உண்டு. நிலத்துக்காரர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். களைகளின் வண்ணப்படங்கள் அதில் இருந்தன.

"இது முன்னெல்லாம் கெடயாது சார். இப்பதான் ரெண்டு மூணு வருசமா குடுக்காவ. இது இருந்தா சரக்கு திரும்பிருமாம்."

"யார் கொடுத்தது?"

"வாங்குதவங்கதான். அவங்களுக்கு யாரு குடுத்தாவன்னு நாங்க கேக்கல."

"களை பிடுங்குகிற கூலி?"

அவர் சிரித்தார். "அத அந்தத் தாள்ல போடலயே சார்."